அணைத்த பிறகும் ஓடும் மின்சாரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பழைய இரும்பு கொட்டிக் கிடக்கும் முற்றங்களில், கிரேனில் தொங்கும் வட்டக் காந்தம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கேபினில் இருப்பவர் சுவிட்சை அணைத்ததும் பிடித்திருந்த இரும்பு முழுவதும் ஒரே வீச்சில் கீழே விழுந்துவிடுவதில்லை. கனத்த துண்டுகள் முதலில் விழும். மெல்லிய தகடுகளும் கம்பித் துணுக்குகளும் காந்தத்தைப் பிடித்தபடி தொங்கும். அவற்றை உதறுவதற்காகவே, காயிலுக்குள் நொடிப்பொழுது எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தும் ஏற்பாடு கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. காந்தத்தின் வயிற்றில் இருப்பது பட்டைக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிய பெரிய காயில். ஆலைக்குள் வரும் ஏ.சி. மின்சாரம் அதற்கு நேரே போவதில்லை. ரெக்டிஃபயர் பேனலில் டி.சி.யாக மாற்றிய 220 வோல்ட்தான் போகிறது. காயிலை அணைக்கும் நொடியில் அதற்குள் தேங்கியிருக்கும் ஆற்றலை எந்த வழியில் வெளியே விடுவது என்பதையும் அந்தப் பேனலே தீர்மானிக்கிறது.

காயிலை மின்சாரத் துடிப்புகளால் இயக்கிப் பார்க்கும் எல்லோரும் சந்திக்கும் கேள்வி இது. பாலிடெக்னிக் மாணவரின் மினி புராஜெக்ட், பழைய யு.பி.எஸ். பேட்டரிக்கு உயிர் கொடுக்க முயலும் கடைக்காரரின் சர்க்யூட், வெல்டிங் பட்டறையின் ஓரத்தில் கட்டிய சிறு இண்டக்ஷன் ஹீட்டர், சைக்கிள் ரிம்மில் காந்தம் ஒட்டிச் சுழலவிடும் மோட்டார் என்று வடிவங்கள் பல. இவற்றைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் காயிலைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, உள்ளே ஃபெர்ரைட்டா இரும்பா. டையோடு என்று வரும்போது மட்டும் கையில் கிடைத்த 1என்4007ஐ எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் சுற்று வேலை செய்யுமா, டிரான்சிஸ்டர் பிழைக்குமா, மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா என்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அந்த டையோடிலும் அதற்குப் பின்னால் இணைத்திருக்கும் பொருளிலும்தான் இருக்கிறது.

முதலில் காயிலின் குணம். நகரத் தொடங்கிய தேர், வடத்தைக் கைவிட்டதும் நின்றுவிடாது. காயிலில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். சுவிட்சைத் திறந்தாலும் அது தன் திசையிலேயே ஓடப் பார்க்கும். பாதை இல்லாவிட்டால் பாதையை உண்டாக்கும். காயிலின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறி, சுவிட்சின் இடைவெளியில் பொறியாகப் பாயும். டிரான்சிஸ்டர் இருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு போகும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் காயிலைத் தொட்டவருக்குச் சுருக்கென்று அதிர்ச்சி அடிப்பது இதனால்தான். அந்த நூற்றுக்கணக்கான வோல்ட் எங்கிருந்தோ புதிதாக வந்ததில்லை. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததைக் காயில் ஒரே மூச்சில் திருப்பித் தருகிறது.

இந்தக் குணத்தை வேலைக்குப் பயன்படுத்தியவர்களின் வரலாறு நீளமானது. 1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியாரும் பேராசிரியருமான நிக்கலஸ் காலன் இண்டக்ஷன் காயிலைக் கட்டினார். 1850களில் பாரிஸில் ஹைன்ரிக் ரூம்கார்ஃப் அதைச் செம்மைப்படுத்தி உலகெங்கும் விற்றார். அந்தக் காலத்தில் டையோடு கிடையாது. அதிர்ந்து அதிர்ந்து தொடுப்பைத் துண்டிக்கும் ஒரு தகடும், பொறியைக் குறைக்க ஒரு கெபாசிட்டரும்தான் இருந்தன. ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் படிகங்களின் இயல்பை 1874இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுன் கண்டறிந்தார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து ஒரு கருவி அமைத்தார். 1901இல் விண்ணப்பித்த அதற்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்தி கொண்டு செய்த கருவிகளுக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. இன்று சென்னையின் ரிச்சி தெருவில் கைநிறைய வாங்கும் டையோடுகளின் வம்சாவளியில் கல்கத்தாவுக்கும் இடம் உண்டு என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

டையோடு வந்ததும், காயில் திருப்பித் தரும் ஆற்றலை விரும்பிய இடத்துக்கு அனுப்ப முடிந்தது. மிக எளிய ஏற்பாடு, காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே டையோடைத் திருப்பிப் போடுவது. சுவிட்ச் மூடியிருக்கும்போது டையோடு சும்மா இருக்கும்; திறந்ததும் மின்னோட்டம் டையோடு வழியாகக் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடங்கும். ரிலே காயில், சோலனாய்டு வால்வு, சிறு மோட்டார் என எல்லாவற்றிலும் இது உண்டு. டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். விலை என்னவென்றால் ஆற்றல் முழுவதும் சூடாகிப் போகும், காந்தமும் மெதுவாகத்தான் விடும். டையோடு போட்ட ரிலே, போடாத ரிலேயைவிடத் தாமதமாக விடுவதை ஆஸிலாஸ்கோப் வைத்திருப்பவர் எளிதில் பார்க்கலாம்.

வேகமாக அடங்க வேண்டுமென்றால் காயிலின் மேல் மின்னழுத்தத்தை உயர விட வேண்டும். அதற்காக டையோடுடன் ஒரு ரெசிஸ்டரையோ ஜீனர் டையோடையோ சேர்ப்பார்கள். இரும்பைத் தூக்கும் பெரிய காந்தத்துக்கு ரெசிஸ்டரும் எதிர்த்திசை மின்சாரமும் தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான். பாதுகாப்பும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. எங்கே நிறுத்துவது என்பதை வேலையைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, ஆற்றலைச் சூடாக்கி வீணாக்காமல் ஒரு கெபாசிட்டருக்கோ இன்னொரு பேட்டரிக்கோ அனுப்புவது. வீட்டு மேசையில் கட்டப்படும் பல்ஸ் சர்க்யூட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. இதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். காயிலின் இண்டக்டன்ஸ் 10 மில்லி ஹென்றி, கம்பியின் மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் கொடுத்தால் சுமார் 2 மில்லி விநாடியில் மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தொடும். அதற்குள் முதல் பேட்டரி கொடுத்திருப்பது 26 மில்லி ஜூல். அதில் 6 கம்பியைச் சூடாக்கிவிட, காந்தப்புலத்தில் சேர்ந்திருப்பது 20. இப்போது சுவிட்சைத் திறந்து, சாதாரண சிலிக்கான் டையோடு வழியாக இரண்டாவது 12 வோல்ட் பேட்டரிக்கு விடுகிறோம். சுமார் 1.4 மில்லி விநாடியில் மின்னோட்டம் அடங்குகிறது. போகும் வழியில் கம்பி இன்னும் 3 மில்லி ஜூலுக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்ள, டையோடு ஒரு மில்லி ஜூலை எடுத்துக்கொள்ள, இரண்டாவது பேட்டரிக்குப் போய்ச் சேருவது 16க்குச் சற்றுக் குறைவு. கொடுத்ததில் 60 விழுக்காடு. விநாடிக்கு 100 பல்ஸ் என்றால் உள்ளே 2.6 வாட், வெளியே 1.6 வாட். இரும்பு உள்ளகத்தின் இழப்பும் டிரான்சிஸ்டரின் இழப்பும் இதில் சேராது. பேட்டரிக்குள் நடக்கும் இழப்பும் தனி.

இந்தக் கணக்கில் டையோடு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மில்லி ஜூல் என்பதைப் பார்த்து அதை அலட்சியம் செய்துவிடக் கூடாது. வெளியே 12 வோல்ட் இருப்பதால்தான் டையோடின் 0.8 வோல்ட் சிறிதாகத் தெரிகிறது. அதே காயிலை வைத்து 3 வோல்ட் எல்.இ.டி. எரித்தால் டையோடுக்கு வந்து சேரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜைப் போட்டால் ஒவ்வொரு கணமும் இரண்டு டையோடு வழியாக ஓட வேண்டியிருப்பதால் இழப்பு இரட்டிப்பு. ஒரே திசையில் மட்டும் ஆற்றலைத் திருப்பித் தரும் சர்க்யூட்டில் பிரிட்ஜ் போடுவதால் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் இணையத்திலும் வகுப்பறையிலும் பரவும் வரைபடங்களில் பிரிட்ஜ் தாராளமாக இடம்பெறுகிறது. குறைந்த மின்னழுத்த வேலைக்கு ஷாட்கி டையோடு ஏற்றது, 0.3 முதல் 0.5 வோல்ட்டில் கடத்தும். 1என்5822 போன்ற பழக்கமான ஷாட்கி 3 ஆம்பியர் தாங்கும், ஆனால் தடுப்பது 40 வோல்ட்தான். காயிலின் உதை அதைத் தாண்டினால் டையோடே போய்விடும்.

அடுத்தது வேகம். 1என்4007 நம் ஊரில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், 1,000 வோல்ட் தடுக்கும், 1 ஆம்பியர் தாங்கும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை டி.சி. ஆக்குவதற்கென்று பிறந்தது அது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி இருக்கும் இடத்தில், திசை மாறிய பிறகு சில மைக்ரோ விநாடி தாமதமாகக் கதவை மூடினாலும் யாருக்கும் நட்டமில்லை. அதையே 50 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் சர்க்யூட்டில் போட்டால் ஒரு சுழற்சியே 20 மைக்ரோ விநாடிதான். டையோடு மூடுவதற்குள் அடுத்த பல்ஸ் வந்து நிற்கும். மின்சாரம் பின்னோக்கி ஓடும், டையோடு விரலைச் சுடும், டிரான்சிஸ்டரும் சேர்ந்து சுடும். இதே தோற்றத்தில், இதே அளவில் வரும் யூஎஃப்4007, 75 நானோ விநாடியில் மூடிக்கொள்ளும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்தால் எழுத்தைப் படிக்காமல் வேறுபாடு தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே பார்த்த 100 பல்ஸ் கணக்கில் மெதுவான டையோடும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். காயிலின் மின்னோட்டம் தானாக அடங்கி, வெறுமனே கொஞ்ச நேரம் கழிந்த பிறகுதான் அடுத்த பல்ஸ் வருகிறது. மூட வேண்டிய கதவில் அப்போது நெருக்கடி இல்லை. மின்னோட்டம் முழுதும் அடங்குவதற்குள் அடுத்த பல்ஸைக் கொடுக்கும் சர்க்யூட்டில்தான் மெதுவான டையோடு ஆளைக் கவிழ்க்கும். டிரான்சிஸ்டர் மீண்டும் கடத்தத் தொடங்கியதும் டையோடு வழியாகவே ஒரு குறுக்குப் பாதை உண்டாகி, இரண்டும் சேர்ந்து அடிவாங்கும். மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் அடிக்கடி போகிறது என்று மாஸ்ஃபெட்டையே மாற்றி மாற்றிப் பணத்தைச் செலவழிப்பவர்கள் ஒருமுறை டையோடைப் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவரும் அன்றாடம் பழகும் பல்ஸ் காயில் ஒன்று உண்டு என்றால் அது இருசக்கர வாகனத்தின் சி.டி.ஐ. இக்னிஷன். பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் உள்ள மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்கள். யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற வண்டிகளில் மேக்னட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு காயில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏ.சி. உண்டாக்கும். சி.டி.ஐ. பெட்டிக்குள் இருக்கும் டையோடு அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்து ஒரு கெபாசிட்டரை நிரப்பும். சரியான தருணத்தில் பிக்கப் காயில் சைகை கொடுக்க, எஸ்.சி.ஆர். எனும் தைரிஸ்டர் திறந்து, கெபாசிட்டர் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். பிளக்கில் பொறி அடிக்கும். அந்த டையோடு ஷார்ட் ஆனால் கெபாசிட்டரில் ஒன்றும் தங்காது, வண்டி கிளம்பாது. அதே வண்டியில் பேட்டரிப் பக்கம் இருக்கும் ஆர்.ஆர். யூனிட்டில் ரெக்டிஃபயரும் ரெகுலேட்டரும் ஒன்றாக இருக்கின்றன. அதன் ரெகுலேட்டர் பகுதி கெட்டால் வேகமாக ஓட்டும்போது பல்பு ஒவ்வொன்றாக ஃபியூஸ் ஆகும், பேட்டரி உப்பும். மெக்கானிக் இந்த அறிகுறிகளைக் கொண்டே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டிய அறிவு இது.

இனி, இந்தத் துறையின் மிகவும் சிக்கலான பகுதி. பல்ஸ் காயில் சர்க்யூட் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் பெயர் அமெரிக்கரான ஜான் பெடினி. சுழலும் சக்கரத்தில் காந்தங்கள், பக்கத்தில் இரட்டைச் சுற்றுக் காயில், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டையோடு, இரண்டாவது பேட்டரி. காந்தம் கடக்கும்போது டிரான்சிஸ்டர் திறந்து மூட, காயிலின் உதை டையோடு வழியாக இரண்டாவது பேட்டரிக்குப் போகும். 2002இல் அவருக்கு இத்தகைய ஒரு மோட்டார்-ஜெனரேட்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2016இல் அவர் காலமானார். அவரது வரைபடம் இன்று உலகெங்கும் மாணவர்களின் கைகளில் இருக்கிறது, தமிழில் விளக்கும் காணொளிகளும் உண்டு. சக்கரம் உண்மையாகவே சுழலும், இரண்டாவது பேட்டரியின் மின்னழுத்தம் உண்மையாகவே ஏறும். கொடுத்ததைவிட அதிகம் வருகிறது என்ற முடிவுக்கு அங்கிருந்து தாவுவதுதான் தவறு.

அந்தத் தாவலுக்கு இடம் கொடுப்பது ரெக்டிஃபயருக்குப் பின்னால் நடக்கும் அளவீடு. ஈய-அமிலப் பேட்டரியின் முனையில் வோல்ட்மீட்டர் காட்டும் எண், உள்ளே எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதை உடனே சொல்லிவிடாது. கூரிய பல்ஸ்கள் தட்டுகளின் மேற்பரப்பை மட்டும் ஏற்றி வைத்தாலும் மீட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சற்று நேரம் விட்டுவிட்டு ஒரு பல்பை எரித்தால் சரசரவென்று இறங்கும். கெபாசிட்டரில் சுமை எதுவும் இல்லாதபோது நூற்றுக்கணக்கான வோல்ட் அளந்து, வெளியீட்டு முனைகளை நேரடியாக ஷார்ட் செய்தபோது சில ஆம்பியர் அளந்து, இரண்டையும் பெருக்கி வாட் என்று எழுதுவது இன்னொரு தவறு. அந்த இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்து இருந்ததே இல்லை. குறைந்த விலை டிஜிட்டல் மல்டிமீட்டரின் ஏ.சி. பிரிவு சீரான சைன் அலைக்காக அளவு திருத்தப்பட்டது. கூரிய பல்ஸை அதில் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

சரியான சோதனைக்குப் பெரிய செலவில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், அதை 0.35 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் இறக்கி, முனை மின்னழுத்தம் 10.5 வோல்ட் வரும்வரை எடுக்க முடிந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்கள் அந்த 7 ஆம்பியர்-மணியைக் கணக்கிடுவதும் இப்படித்தான். பிறகு பல்ஸ் சர்க்யூட்டில் ஏற்றி, முதல் பேட்டரியிலிருந்து போன ஆற்றலையும் குறித்து, மீண்டும் இதே வீதத்தில் இறக்க வேண்டும். பொறுமைதான் முக்கிய முதலீடு. பல்ஸ் சார்ஜிங்கால் பழைய பேட்டரியின் தட்டுகளில் படிந்த சல்ஃபேட் கொஞ்சம் கரைந்து, கொள்ளளவு கூடினால் அது நல்ல பயன்; அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் கொள்ளளவு மீண்டதையும் ஆற்றல் உற்பத்தியானதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970இன் பிரிவு 3(அ), நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்கிறது. மாணவர்களைக் கனவு காண விடாத சட்டம் என்று இதைக் கருத வேண்டியதில்லை. அளந்து காட்டு என்று கேட்கும் சட்டம் இது.

சிலர் கெபாசிட்டரையும் இரண்டாவது பேட்டரியையும் கழற்றிவிட்டு சர்க்யூட்டை ஓடவிடுகிறார்கள். டையோடுக்குப் பின்னால் ஆற்றலை வாங்க ஆளில்லாதபோது மின்னழுத்தம் பல்ஸுக்குப் பல்ஸ் ஏறிக்கொண்டே போய் டிரான்சிஸ்டரைத் துளைக்கும். பெடினி பாணி சர்க்யூட்டுகளில் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்ன நியான் விளக்கு இருப்பது இதற்காகத்தான். அது பளிச்சிட்டால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

12 வோல்ட் பேட்டரியில் தவறு நடந்தால் போவது ஒரு டிரான்சிஸ்டர். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேரடியாக ரெக்டிஃபை செய்து காயிலுக்குள் விடும் சர்க்யூட்டுகளில் போவது உயிர். பிரிட்ஜுக்குப் பின்னால் கெபாசிட்டரில் நிற்பது 230 அல்ல, அலையின் உச்சியான சுமார் 325 வோல்ட். 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் அது 25 ஜூல்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கேயே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பிரிட்ஜ், மின்சாரத்தைத் தரையிலிருந்து பிரிப்பதில்லை. பிளஸ், மைனஸ் இரண்டில் எதைத் தொட்டாலும் தரையில் நிற்பவர் உடல் வழியாகச் சுற்று முழுமையாகும். டையோடு போட்டதால் ஆபத்து பாதியாகிவிட்டது என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது.

வீட்டு மின்சாரத்தை இப்படி நேரடியாகப் பயன்படுத்துவது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் வயல்களே சாட்சி. முறையான மின்வேலி ஒரு பல்ஸ் காயில் சர்க்யூட். எனர்ஜைசர் பெட்டிக்குள் ரெக்டிஃபயர் கெபாசிட்டரை நிரப்பும், சுமார் நொடிக்கு ஒருமுறை எஸ்.சி.ஆர். அதை டிரான்ஸ்ஃபார்மர் காயிலுக்குள் கொட்டும், கம்பியில் சில ஆயிரம் வோல்ட் கண நேரம் வந்து போகும். பன்னாட்டுத் தரநிலை, 500 ஓம் சுமையில் ஒரு பல்ஸுக்கு 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. தொட்ட விலங்கு வலித்துப் பின்வாங்கும். பல்ஸுகளுக்கு நடுவில் விலகுவதற்கு நேரம் கிடைக்கும். கம்பத்திலிருந்தோ பம்ப்செட்டிலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்தால் அந்த இடைவெளி கிடையாது, தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். 2023 மார்ச் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் பிழைத்தன. காட்டுப்பன்றிக்காகக் கட்டிய கம்பியில் வயலுக்குப் போன மனிதர்கள் இறந்த செய்திகளும் மாவட்டம் தோறும் வருகின்றன. அதே 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு எனர்ஜைசரின் உள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் தேவை என்பதை ஊர்க் கூட்டங்களில் திறந்து காட்டினால் அந்த விதிகளுக்கு இன்னும் வலு சேரும்.

வீட்டு மேசையிலிருந்து கண்ணை எடுத்து, கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. சாலைக்கு இருபுறமும் இருக்கும் உருக்காலைகளைப் பார்த்தால் அங்கே நடப்பதும் இதே நாடகம்தான், மெகாவாட் அளவில். பழைய இரும்பை உருக்கி டி.எம்.டி. கம்பியாக்கும் ஆலைகளின் உலை என்பது, நீர் ஓடும் செம்புக் குழாயால் சுற்றிய ஒரு மாபெரும் காயில். அதன் நடுவில் இருக்கும் இரும்பு தனக்குள் தூண்டப்படும் மின்சாரத்தால் சூடாகி உருகும். ஒரு டன் எஃகை உருக்க 500 முதல் 650 யூனிட் வரை செலவாகும். 1916 வாக்கில் எட்வின் நார்த்ரப் என்ற அமெரிக்கர் அமைத்த உயர் அதிர்வெண் உலை, பொறி இடைவெளி வழியாகக் கெபாசிட்டரைக் காயிலுக்குள் கொட்டியது. மாணவர்கள் இன்று மேசையில் கட்டும் பொறி இடைவெளி வகை டெஸ்லா காயிலும் அதே முறையில்தான் இயங்குகிறது. 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் உருவான பிறகு, ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அந்த டி.சி.யைத் துண்டுதுண்டாக்கிச் சில நூறு ஹெர்ட்ஸ் ஏ.சி.யாக உலைக்குக் கொடுக்கும் இன்றைய முறை நிலைபெற்றது.

அந்த முதல் படியில் இருக்கும் ரெக்டிஃபயர்தான் ஆலைக்கும் ஊருக்கும் இடையிலான உறவைத் தீர்மானிக்கிறது. மும்முனை மின்சாரத்துக்கு 6 டையோடு கொண்ட பிரிட்ஜ் போட்டால் ஒரு சுழற்சிக்கு 6 மேடுகள் கிடைக்கும். உள்ளே டி.சி. ஓரளவு சீராக இருக்கும். ஆனால் மின்வாரியத்தின் பக்கம் பார்த்தால் ஆலை இழுக்கும் மின்னோட்டம் சைன் அலையாக இருக்காது, படிக்கட்டு போல உடைந்திருக்கும். அந்த உடைசலில் 50 ஹெர்ட்ஸின் 5, 7, 11, 13 மடங்கு அதிர்வெண்கள் கலந்திருக்கும். 5ஆம் மடங்கு, கணக்கின்படி அடிப்படை மின்னோட்டத்தில் 20 விழுக்காடு வரை வரும். இவை அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கும், கெபாசிட்டர் பேங்கை வெடிக்க வைக்கும், மோட்டார்களை இரைய வைக்கும்.

இதற்கு ஆலைகள் கண்ட வழி அழகானது. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு வெளியீட்டை ஸ்டாராகவும் இன்னொன்றை டெல்டாவாகவும் சுற்றினால் இரண்டுக்கும் இடையே 30 டிகிரி விலகல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 6 பல்ஸ் பிரிட்ஜ் போட்டுச் சேர்த்தால் 12 பல்ஸ். ஒரு பிரிட்ஜின் 5ஆம் மடங்கும் 7ஆம் மடங்கும் மற்றதன் அதே மடங்குகளோடு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது 11, 13 போன்ற சிறியவை. இரண்டு உலைகளின் டிரான்ஸ்ஃபார்மர்களை மேலும் 15 டிகிரி தள்ளி அமைத்தால் 24 பல்ஸ். சுற்றும் கம்பியின் இணைப்பை மாற்றியே சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்க்கும் இந்த ஏற்பாட்டை, மின்பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். தைரிஸ்டர் ரெக்டிஃபயரில் வேறொரு தொல்லை: சக்தியைக் குறைக்கத் திறக்கும் தருணத்தைத் தள்ளிப்போட்டால் பவர் ஃபேக்டர் இறங்கும். டையோடு பிரிட்ஜை முன்னால் வைத்து, சக்தியை இன்வெர்ட்டர் பக்கம் கட்டுப்படுத்தும் உலைகளில் இந்தத் தொல்லை குறைவு.

சட்டமும் இதற்குள் வந்துவிட்டது. மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு விதிமுறைகள், இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தத்தின் மொத்த ஹார்மானிக் சிதைவு 5 விழுக்காட்டுக்கும், மின்னோட்டத்தின் சிதைவு 8 விழுக்காட்டுக்கும் மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தன. வரம்பை மீறும் உயர் அழுத்த நுகர்வோரிடம், கட்டண விகிதத்தில் 15 விழுக்காடு இழப்பீடாக வசூலிக்கத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள் இடம் கொடுக்கின்றன. உலை ஆலையின் மாதச் செலவில் மின்கட்டணம் எவ்வளவு பெரியது என்பதை அறிந்தவருக்கு அந்த 15 விழுக்காட்டின் கனம் புரியும். ரெக்டிஃபயரின் தரம் அங்கே கணக்குப் புத்தகத்தில் ரூபாயாக வந்து உட்காருகிறது. வீட்டு மேசையில் அப்படிக் கேள்வி கேட்க யாரும் இல்லை என்பதால்தான் கட்டுக்கதைகள் நெடுநாள் உயிரோடு இருக்கின்றன.

இந்த இரண்டு உலகங்களும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை. காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ரெக்டிஃபயர் பேனலைத் தினமும் திறந்து மூடும் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். டையோடு எப்படிச் சாகும், சாவதற்கு முன் என்ன அறிகுறி காட்டும், ஹீட்சிங்க் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயம். சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆண்டுதோறும் மாணவர்கள் அதே தத்துவத்தில் புராஜெக்ட் செய்கிறார்கள். இவர்களை அவர்களிடம் ஒரு நாள் உட்கார வைத்தால் ஒரு பருவத்துப் பாடம் நடந்துவிடும்.

ஒரு ஆய்வகத்துக்கு இதைத் தொடங்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரே காயில், ஒரே மாஸ்ஃபெட். டையோடை மட்டும் மாற்ற வேண்டும். 1என்4007, யூஎஃப்4007, ஒரு ஷாட்கி, நான்கு டையோடு பிரிட்ஜ், முடிந்தால் இப்போது கடைக்கு வரும் சிலிக்கான் கார்பைடு டையோடு. விநாடிக்கு 100 பல்ஸில் ஒருமுறை, 20 கிலோ ஹெர்ட்ஸில் ஒருமுறை. இரண்டாவது பக்கம் பேட்டரிக்குப் பதில், பெரிய கெபாசிட்டரும் அதற்குக் குறுக்கே மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டரும் போதும். அங்கே மின்னழுத்தம் நிலைபெற்றதும் அதன் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட் வந்துவிடும், வாதத்துக்கு இடமிருக்காது. ஷாட்கியைப் போடும்போது மட்டும் வெளியீட்டு மின்னழுத்தம் அதன் 40 வோல்ட் எல்லைக்குள் நிற்கும்படி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனையைத் தொடங்கும் முன் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது.